அச்சும் திரையும் – 9: வருவது அறிந்தவர்கள்

அமெரிக்க நாளிதழ்கள் எப்படி விழுந்தன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். முதலாளிகள் கொழுத்த லாபத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இணையம் வந்தது, கண் விழித்தபோது கல்லாப்பெட்டி காலி. கேட்கச் சுவையான கதைதான். நைட் ரிடர் நிறுவனத்துக்கு மட்டும் அது பொருந்தவே பொருந்தாது.

உலகின் முதல் வலைத்தளம் தோன்றுவதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பே வாசகர் வீட்டுத் திரையில் செய்தி கொடுத்தவர்கள் அவர்கள். ஐபேட் வெளிவருவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, கையில் ஏந்திப் படிக்கும் பலகைக் கணினி எப்படி இருக்கும் என்று படம் எடுத்துக் காட்டியவர்களும் அவர்களே. சிலிக்கான் பள்ளத்தாக்கின் சொந்த நாளிதழ் அவர்களுடையது. அத்தனையும் இருந்தும் 2006-ல் நைட் ரிடர் என்ற பெயரே பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து காணாமல் போனது.

ஓர் ஊருக்கு ஒரு பத்திரிகை என்ற நிலைமை அமெரிக்காவில் எப்படி உருவானது, மாலை நாளிதழ்களைத் தொலைக்காட்சி எப்படி விழுங்கியது என்று சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். தப்பிப் பிழைத்த காலை நாளிதழ்களுக்கு அது பொற்காலம். உள்ளூரில் போட்டி கிடையாது. கடைக்காரருக்கும் வீட்டுத் தரகருக்கும் வேறு போக்கிடம் கிடையாது. நைட் ரிடரின் கதை அந்தப் பொற்காலத்தின் நடுவில் தொடங்குகிறது.

இரண்டு குடும்பங்கள்

நைட் குடும்பத்தின் பூர்வீகப் பத்திரிகை ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் இருந்தது. ஜான் நைட் அங்கிருந்து கிளம்பி மயாமி ஹெரால்ட், டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ், பிலடெல்ஃபியா இன்குயரர் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். ரிடர் குடும்பம் நியூயார்க்கில் ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகையிலிருந்து எழுந்தது. மேற்கே சான் ஹோசே வரை பரவியது. 1974-ல் இரண்டும் இணைந்தன. தலைமையகம் மயாமியில், கடலைப் பார்த்தபடி நின்ற ஹெரால்ட் கட்டடத்தில் அமைந்தது.

நைட் தரப்பு செய்திக்குப் பெயர் பெற்றது. ரிடர் தரப்பு கணக்குக்குப் பெயர் பெற்றது. இந்த இரண்டு குணங்களுக்கும் இடையிலான இழுபறி கடைசி நாள் வரை ஓயவில்லை. நிறுவனத்தின் பத்திரிகைகள் காலப்போக்கில் எண்பதுக்கும் மேற்பட்ட புலிட்சர் விருதுகளைப் பெற்றன. லாபமும் குறையில்லாமல் வந்தது. அந்த லாபத்தில் ஒரு பகுதியைத்தான் எதிர்காலத்தின் மேல் பந்தயம் கட்டினார்கள்.

தொலைக்காட்சிக்குள் ஒரு செய்தித்தாள்

1979-ல் பிரிட்டிஷ் தபால் துறை பிரெஸ்டல் என்ற சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக வரும் எழுத்துகள் தொலைக்காட்சித் திரையில் தெரியும். அதைப் பார்த்த நைட் ரிடர் அதிகாரிகளுக்கு ஒரு பயமும் ஓர் ஆசையும் சேர்ந்தே வந்தன. இந்த வழியாகத் தொலைபேசி நிறுவனம் விளம்பரத் தொழிலில் நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்பது பயம். அதற்கு முன் நாமே நுழைந்துவிடலாமே என்பது ஆசை.

மயாமிக்குப் பக்கத்தில் உள்ள கோரல் கேபிள்ஸ் பகுதியில், 1980-ல் சுமார் 200 வீடுகளில் சோதனை நடந்தது. 1983 அக்டோபர் 30 அன்று வியூட்ரான் என்ற பெயரில் சேவை விற்பனைக்கு வந்தது. ஏடி அண்ட் டி நிறுவனம் தயாரித்த ஒரு பெட்டியைத் தொலைக்காட்சியோடு பொருத்திக்கொள்ள வேண்டும். அதன் விலை 600 டாலர். மாதச் சந்தா தனி, தொலைபேசிக் கட்டணம் தனி. ஒரு பக்கம் திரையில் வரைந்து முடியப் பல வினாடிகள் ஆகும். இணைப்பில் இருக்கும் வரை வீட்டுத் தொலைபேசிக்கு வேறு அழைப்பு வராது.

அந்தப் பெட்டிக்குள் செய்தி இருந்தது, வானிலை இருந்தது, வங்கிக் கணக்கைப் பார்க்கலாம், பொருள் வாங்கலாம், விமான நேரம் தெரிந்துகொள்ளலாம். இன்று நம் கைபேசியில் செய்யும் பல வேலைகளை எண்பதுகளின் நடுவிலேயே ஃபுளோரிடாவில் சில ஆயிரம் குடும்பங்கள் செய்தன. ஆனால் சந்தாதாரர்கள் அதில் விரும்பிச் செய்த காரியம் வேறு. ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். நிறுவனம் ஆசிரியர் குழுவை வைத்து உழைத்துத் தந்த செய்திப் பக்கங்களைவிட, பக்கத்துத் தெருக்காரர் தட்டச்சு செய்த நாலு வரி அவர்களை அதிகம் இழுத்தது.

1986 மார்ச்சில் வியூட்ரான் மூடப்பட்டது. அப்போது சந்தாதாரர் சுமார் 20,000 பேர். நட்டம் 5 கோடி டாலர். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் தாய் நிறுவனம் கலிஃபோர்னியாவில் நடத்திவந்த இதே போன்ற சேவையும் அதே மாதத்தில் கதவடைத்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்திருக்கலாம். மக்கள் திரையில் செய்தி படிக்க மாட்டார்கள், ஆகவே காகிதத்துக்கு ஆபத்தில்லை என்பது ஒன்று. திரை முன் உட்கார்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசத்தான் விரும்புகிறார்கள், ஆகவே வருங்காலத் தொழில் அங்கேதான் இருக்கிறது என்பது மற்றொன்று. தொழில் வட்டாரம் முதலாவதை எடுத்துக்கொண்டது. இரண்டாவதை எடுத்துக்கொண்டவர்கள் பிற்பாடு வேறு தொழில்களிலிருந்து வந்தார்கள்.

போல்டரில் ஒரு பலகை

வியூட்ரானின் பக்க வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ரோஜர் ஃபிட்லர். சேவை மூடப்பட்ட பிறகும் அவர் தளரவில்லை. தொலைக்காட்சியும் கணினி மேசையும் செய்தி படிக்க ஏற்றவையல்ல, கையில் பிடித்துச் சாய்ந்து படிக்கும் மெல்லிய பலகைதான் செய்தித்தாளின் அடுத்த உடம்பு என்பது அவர் கட்சி. நைட் ரிடர் 1992-ல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் அவருக்கு ஓர் ஆய்வகமே அமைத்துக் கொடுத்தது. 1994-ல் அங்கு எடுத்த காணொளியில் ஒருவர் பலகையைக் கையில் வைத்து, முதல் பக்கத்தைத் தொட்டு, செய்தியை விரித்து, படத்தை ஓடவிடுகிறார். அப்படியொரு பலகையை உண்மையில் செய்யத் தேவையான திரையும் மின்கலமும் அன்று கிடையாது. காட்டியது வெறும் மாதிரிதான். ஆனால் அந்த மாதிரி எவ்வளவு துல்லியமானது என்றால், பல ஆண்டுகள் கழித்து ஆப்பிளும் சாம்சங்கும் நீதிமன்றத்தில் மோதியபோது, இந்த வடிவம் ஆப்பிளுக்கு முன்பே இருந்தது என்று காட்ட சாம்சங் தரப்பு ஃபிட்லரின் வேலையைச் சான்றாகக் கொண்டுபோனது.

ஆய்வகத்தை நைட் ரிடர் 1995-லேயே மூடிவிட்டது.

பள்ளத்தாக்கின் பத்திரிகை

இதற்கிடையில் மேற்கே இன்னொரு முயற்சி முளைத்திருந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் நாளிதழான சான் ஹோசே மெர்க்குரி நியூஸின் நிர்வாக ஆசிரியர் ராபர்ட் இங்கிள் 1990-ல் தலைமைக்கு ஓர் அறிக்கை எழுதினார். வீட்டுக் கணினிகள் தொலைபேசி வழியே இணையப்போகின்றன, பத்திரிகை அங்கே போய் உட்கார வேண்டும், வாசகர்கள் கூடிப் பேசும் இடமாகவும் அது இருக்க வேண்டும் என்பது சாரம். 1993 மே மாதம் மெர்க்குரி சென்டர் என்ற பெயரில், அமெரிக்கா ஆன்லைன் சேவைக்குள் அந்தப் பத்திரிகை குடிபுகுந்தது. அச்சில் வந்த செய்தியின் அடியில் ஒரு குறியீடு போட்டிருப்பார்கள். அதைக் கணினியில் அடித்தால் காகிதத்தில் இடமில்லாமல் விடுபட்ட விவரங்களும் முழு ஆவணங்களும் கிடைக்கும். வலை பரவத் தொடங்கியதும் அங்கும் முதல் ஆட்களில் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

1996 ஆகஸ்டில் கேரி வெப் எழுதிய ‘டார்க் அலையன்ஸ்’ புலனாய்வுத் தொடர் மெர்க்குரி நியூஸில் வந்தபோது, ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வலையில் ஏற்றினார்கள். கலிஃபோர்னியாவின் ஒரு பிராந்திய நாளிதழில் வந்த தொடரை நாடெங்கும் மக்கள் திரையிலேயே படித்தார்கள். பெரிய பத்திரிகைகள் தொடரின் முடிவுகளைக் கடுமையாகச் சாடின. மறு ஆண்டு மெர்க்குரி நியூஸின் ஆசிரியரே குறைகளை ஒப்புக்கொண்டு எழுத நேர்ந்தது. அந்தச் சர்ச்சை எப்படியிருந்தாலும், அச்சு வண்டி போகாத ஊருக்கும் ஒரு பத்திரிகை போக முடியும் என்பது அன்று நிரூபணமாயிற்று.

நிறுவனம் கைகட்டி நிற்கவும் இல்லை. 1995-ல் வலை உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன்பே அதில் பணம் போட்டவர்களில் நைட் ரிடரும் ஒன்று. அதே ஆண்டு ஒன்பது பெரும் பத்திரிகை நிறுவனங்கள் கூடி நியூ செஞ்சுரி நெட்வொர்க் என்ற கூட்டணி தொடங்கியபோது அதிலும் இருந்தது. ஒன்பது பேருக்கும் ஒன்பது கணக்கு. 1998-ல் கூட்டணி கலைந்தது. ஜேம்ஸ் பேட்டனுக்குப் பிறகு 1995-ல் தலைமைக்கு வந்த டோனி ரிடர், 1998-ல் தலைமையகத்தையே மயாமியிலிருந்து சான் ஹோசேவுக்கு மாற்றினார். எதிர்காலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் வீடு பிடித்தாகிவிட்டது.

சம்பாதிக்கும் பிள்ளை

நாளிதழ் ஒரு கூட்டுக் குடும்பம். ஈராக்குக்கு நிருபர் அனுப்புவது, நகராட்சிக் கூட்டத்தில் காலை முதல் மாலை வரை ஆள் உட்கார்த்துவது, ஒரு ஊழலைத் தோண்ட ஆறு மாதம் சம்பளம் கொடுப்பது எல்லாம் செலவு வைக்கும் பிள்ளைகள். பெயர் வாங்கித் தந்தவர்கள் அவர்கள். சத்தமில்லாமல் சம்பாதித்துப் போட்ட பிள்ளை, பின்பக்கங்களில் பொடி எழுத்தில் கிடந்த வரி விளம்பரம். ஆள் தேவை, வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு.

2000-ம் ஆண்டில் அமெரிக்க நாளிதழ்கள் வரி விளம்பரத்தில் மட்டும் ஈட்டியது ஏறத்தாழ 1,960 கோடி டாலர். மொத்த விளம்பர வருமானத்தில் அது ஐந்தில் இரண்டு பங்கு. அதிலும் சான் ஹோசேவின் நிலைமை தனி. டாட்காம் காய்ச்சல் உச்சத்தில் இருந்த நாட்களில் பொறியாளர்களைத் தேடும் நிறுவனங்கள் மெர்க்குரி நியூஸில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தன. ஞாயிறு இதழைத் தூக்கவே தெம்பு வேண்டும்.

அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனவர்களில் இருவர் அதே வட்டாரத்தில்தான் வளர்ந்தார்கள். கிரெய்க் நியூமார்க் 1995-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல் பட்டியல் கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆயிற்று. அங்கே பெரும்பாலான விளம்பரங்களுக்குக் காசே கிடையாது. பழைய பொருள் விற்பவர்களைக் கூட்டிச் சேர்த்த ஈபே, அதே 1995-ல் சான் ஹோசே வட்டாரத்தில் பிறந்தது. வேலை தேடுவோருக்கு மான்ஸ்டர் வந்தது.

கிரெய்க்ஸ்லிஸ்ட் வந்ததால் 2000-க்கும் 2007-க்கும் இடையில் விளம்பரம் கொடுப்போருக்கு மிச்சமான தொகை சுமார் 500 கோடி டாலர் என்று ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஷூ என்ற இரு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பணம் கிரெய்க்ஸ்லிஸ்டின் பைக்குப் போகவில்லை என்பதே. அது தொழிலிலிருந்தே ஆவியாகிவிட்டது. இடத்துக்குத் தட்டுப்பாடு இருந்தவரை ஒரு வரிக்கு விலை இருந்தது. திரையில் இடத்துக்குத் தட்டுப்பாடு இல்லை. அங்கே எவ்வளவு சாமர்த்தியமாகக் கடை விரித்தாலும் பழைய விலை கிடைக்காது.

நைட் ரிடர் கடை விரிக்காமலும் இல்லை. டிரிபியூன் நிறுவனத்தோடு சேர்ந்து 2000-ல் கரியர்பில்டர் என்ற வேலைவாய்ப்புத் தளத்தை வாங்கியது. பின்னாளில் அது மான்ஸ்டருக்கே சவால் விட்டது. ஆனால் பத்திரிகை நிறுவனங்களின் இணைய விளம்பரத்தில் பெரும்பகுதி, அச்சில் விளம்பரம் கொடுப்பவரிடம் கூடக் கொஞ்சம் காசு வாங்கித் திரையிலும் போடுவதுதான். அச்சு விளம்பரம் நின்றால் திரை விளம்பரமும் சேர்ந்து நின்றது. அச்சைக் கைவிட்டுத் தனித்து ஓடும் துணிச்சல் எந்தக் குழுமத்துக்கும் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது: வருமானத்தில் பெரும்பங்கு இன்னும் அச்சிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

பதவியை உதறியவர்

2000-ல் டாட்காம் குமிழி வெடித்தது. 2001-ல் சான் ஹோசேவில் ஆள் தேவை விளம்பரங்கள் சரிந்தன. லாப விகிதத்தைக் காப்பாற்ற ஆட்குறைப்பு செய்யும்படி மேலிடம் நெருக்கியது. மெர்க்குரி நியூஸின் வெளியீட்டாளர் ஜே ஹாரிஸ் அந்த ஆண்டு மார்ச்சில் பதவி விலகினார். இந்த லாப இலக்கை எட்ட வேண்டுமானால் பத்திரிகையைக் காயப்படுத்தித்தான் எட்ட முடியும் என்பது அவர் வாதம். அமெரிக்கப் பத்திரிகை உலகம் அவரைக் கொண்டாடியது. இலக்கு மாறவில்லை.

இத்தனைக்கும் நடுவில் செய்திப் பிரிவு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2002, 2003-ல் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக புஷ் அரசு சொன்னதைப் பெரும் பத்திரிகைகள் பல அப்படியே முதல் பக்கத்தில் போட்டபோது, நைட் ரிடரின் வாஷிங்டன் நிருபர்கள் ஜோனதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல், அவர்களின் ஆசிரியர் ஜான் வால்காட் ஆகியோர் அந்தக் கூற்றுகளைத் தொடர்ந்து கேள்வி கேட்டார்கள். கீழ்மட்ட அதிகாரிகளிடம் விசாரித்து எழுதினார்கள். அவர்கள் எழுதியதே சரி என்று பின்னர் தெரிந்தது. வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் நைட் ரிடருக்குச் சொந்த நாளிதழ் இல்லை என்பதால் அன்று அந்தக் குரல் அதிகாரத்தின் காதில் விழவில்லை. பங்குச் சந்தைக்கோ அது ஒரு பொருட்டே அல்ல.

நவம்பர் கடிதம்

2005 நவம்பர் 1 அன்று ஃபுளோரிடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் புரூஸ் ஷெர்மன். அவர் நடத்திய பிரைவேட் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனத்திடம் நைட் ரிடர் பங்குகளில் சுமார் 19 சதவீதம் இருந்தது. பங்கு விலை ஏறவில்லை, நிறுவனத்தை விற்றுவிடுங்கள் என்பது செய்தி. அப்போது நைட் ரிடர் நட்டத்தில் இல்லை. நூறு டாலர் வருமானத்தில் பதினாறுக்கும் இருபதுக்கும் இடையில் லாபமாக நின்றது. ஊர்க் கடைக்காரர் எவரும் பொறாமைப்படும் கணக்கு அது. ஆனால் பத்திரிகைப் பங்குகளை வாங்கியவர்கள் அதைவிட அதிகம் பார்த்துப் பழகியவர்கள். இனி இது இறங்குமுகம்தான் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் நிறுவனங்களில் வாக்குரிமையைக் குடும்பங்கள் தங்கள் கையில் வைத்திருந்தன. நைட் ரிடரில் அந்த ஏற்பாடு இல்லை. எல்லாப் பங்குக்கும் ஒரே வாக்கு. டோனி ரிடருக்குப் போக வழியில்லை.

2006 மார்ச்சில் மெக்ளாட்சி நிறுவனம் 450 கோடி டாலருக்கு நைட் ரிடரை வாங்குவதாக அறிவித்தது. அதோடு 200 கோடி டாலர் கடனையும் ஏற்றுக்கொண்டது. 32 நாளிதழ்களில் 20-ஐ வைத்துக்கொண்டு 12-ஐ விற்றுவிட்டது. விற்றவற்றில் நைட் குடும்பத்தின் பூர்வீகமான ஆக்ரன் பத்திரிகையும் உண்டு. எதிர்காலத்துக்கே தலைநகராக நினைத்துக் குடிபோன சான் ஹோசேவின் மெர்க்குரி நியூஸும் உண்டு.

வாங்கியவருக்கும் வாழ்வில்லை. அச்சு விளம்பரம் சரிவதற்குச் சற்று முன்னால், உச்ச விலையில் கடன் வாங்கி வாங்கிய சொத்து அது. 2011-ல் மயாமி ஹெரால்டின் கடற்கரை நிலத்தை மலேசியாவின் கெந்திங் குழுமத்துக்கு 23.6 கோடி டாலருக்கு விற்றார்கள். சூதாட்ட விடுதிகளுக்குப் பெயர் பெற்ற அதே கெந்திங்தான். நைட் ரிடரின் தலைமையகம் இருந்த கட்டடம் பிறகு இடிக்கப்பட்டது. 1857-ல் தொடங்கிய மெக்ளாட்சி, கடனும் ஓய்வூதியச் சுமையும் அழுத்த, 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. ஒரு முதலீட்டு நிதி அதை எடுத்துக்கொண்டது. பல கைகள் மாறிய பிலடெல்ஃபியா இன்குயரரை மட்டும் அதன் உரிமையாளர் ஜெரி லென்ஃபெஸ்ட் 2016-ல் லாப நோக்கற்ற ஓர் அமைப்பிடம் ஒப்படைத்தார். பங்குதாரர் கடிதம் எழுதி விற்கச் சொல்ல முடியாத இடத்தில் அது இன்று இருக்கிறது.

யார் தவறு?

நைட் ரிடர் வருவதைப் பார்த்தது. பணமும் போட்டது. ஆட்களும் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு புது முயற்சியும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டது: அச்சுக்கு வரும் லாபம் இதற்கும் வருமா? உள்ளூர் ஏகபோகத்தில் விளைந்த அந்த லாபம் எந்தப் புதுத் தொழிலிலும் முதல் சில ஆண்டுகளில் வராது. எனவே வியூட்ரான் மூன்றாம் ஆண்டு தாண்டவில்லை. போல்டர் ஆய்வகமும் அப்படியே. ஈபேவுக்கும் கிரெய்க்ஸ்லிஸ்டுக்கும் காப்பாற்ற வேண்டிய பழைய லாபம் ஏதும் இருக்கவில்லை. அதுவே அவர்களின் பலம்.

செய்தியை வாசகர் முழு விலை கொடுத்து வாங்கியதே இல்லை என்ற உண்மையையும் இந்தக் கதை அம்பலமாக்கியது. வீட்டை வாடகைக்கு விட்டவரும் வேலைக்கு ஆள் தேடியவரும்தான் ஒன்றரை நூற்றாண்டாக நிருபருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், தாங்கள் கொடுக்கிறோம் என்று தெரியாமலே. அவர்கள் விலகியதும் கேள்வி நேராக வாசகர் முன் வந்து நின்றது: செய்திக்கு நீங்கள் காசு கொடுப்பீர்களா?

2009-ல் மெக்சிகோ கோடீஸ்வரர் கார்லோஸ் ஸ்லிமிடம் 14 சதவீத வட்டிக்கு 25 கோடி டாலர் கடன் வாங்கிய ஒரு நியூயார்க் பத்திரிகை, இரண்டே ஆண்டுகளில் அந்தக் கேள்வியைத் துணிந்து கேட்டது. மாதம் இருபது கட்டுரை இலவசம், அதற்கு மேல் படிக்கப் பணம். நிபுணர்கள் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சுவர் எழுந்த கதை அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)